நிற்கும் சுரம்

இரண்டாம் அங்கத்துக்குத் திரை ஏறியதுமே ரெஸ்தெல்லிக்கு வலது கால் பெருவிரலில் அரிப்பெடுத்தது. ஷூவைக் கழற்ற முடியாது, எழுந்து வெளியே போய்வரவும் முடியாது. புது ஒபேராவுக்கு இசை எழுதியவன் முதல் மூன்று இரவுகளும் வாத்தியக்காரர்களுக்கு நடுவே, செம்பலோ என்ற கட்டை வாத்தியப் பெட்டியின் முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இத்தாலியில் எந்த ஊர்க் கொட்டகையிலும் விதி. இந்த ஊர் ஒப்பந்தத்தில் அது நான்காவது ஷரத்து. கைதட்டினால் எழுந்து வணங்க வேண்டும். சீட்டியடித்தால் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ள வேண்டும். பாத்திரங்கள் பேசுவதுபோலப் பாடும் இடங்களில் செம்பலோவின் கட்டைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக அமுக்குவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. மற்ற நேரமெல்லாம் முதல் வயலின்காரன் வில்லை ஆட்டி எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவான். எழுதியவன் விருந்துக்குச் சீக்கிரமாக வந்துவிட்டவனைப்போல முழங்காலில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். முப்பத்து நான்கு வயதில் இருபத்திரண்டு ஒபேரா. இருபத்திரண்டு மூன்று அறுபத்தாறு. அப்படியென்றால் இது அறுபத்தாறாவது இரவு. இல்லை, ‘கோர்டோபாவின் காவலன்’ முதல் இரவோடு மூடப்பட்டது, அதற்கு இரண்டைக் கழிக்க வேண்டும். அறுபத்து நான்கு. அறுபத்து நான்கு இரவுகளில் எத்தனை இரவு கால் அரித்தது? ஒரு இரவும் நினைவில்லை. சீட்டிகள் நினைவிருக்கின்றன, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விதமான சீட்டி. இந்த ஊரில் சாவியின் துளையை உதட்டில் வைத்து ஊதுகிறார்கள். நேற்று கதாநாயகியின் பெரிய பாட்டுக்கு அப்படித்தான் நாற்பது வீடுகளின் சாவிகள் ஊதின. செம்பலோவின் மேல் இருந்த இரண்டு மெழுகுவத்திகளில் இடதுபக்கத்தது ஒருக்களித்து எரிந்து தாளில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, அவன் தோளுக்குப் பக்கத்தில், மூக்குப்பொடி வாசனையோடு பொர்த்தோலோவின் மூச்சு. காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ அவருடையது; முதல் செல்லோக்காரருக்குத் தனியாகத் தாள் கிடையாது. எழுதியவனின் தாளையே அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசிக்க வேண்டும், பக்கத்தைத் திருப்புவதும் அவர்தான். கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். அறுபத்தொரு வயது. முப்பது வருஷமாக இதே நாற்காலி. அவர் பக்கம் திரும்பி இரண்டு சொல் சொன்னால் போதும். பழையபடியே வாசிங்க. அவ்வளவுதான். ஐஸ் பாட்டு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இன்னும் ஆறு பாட்டு இருக்கிறது.

ஐஸ் பாட்டு என்பது எல்லா ஒபேராவிலும் உண்டு. இரண்டாம் அங்கத்தின் நடுவில், பெரிய பாடகிகள் மூச்சு வாங்கிக்கொள்ளவும் உடை மாற்றவும், வேலைக்காரி வேஷக்காரியோ தோழி வேஷக்காரியோ தனியாக நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். அதுதான் நேரம் என்று தெரிந்து விற்பனைக்காரர்கள் எலுமிச்சை ஐஸ் கிண்ணங்களோடு உள்ளே வருவார்கள். அந்தப் பாட்டை யாரும் கேட்பதில்லை, யாரும் கேட்கும்படி எழுதுவதுமில்லை. அவசரத்தில் அதைச் சீடனிடமோ வாத்தியக்காரரிடமோ தள்ளிவிடுவது எல்லோரும் செய்வதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரெஸ்தெல்லியும் செய்திருக்கிறான். ‘திரிபோலியின் கப்பல்’, ‘இரண்டு விதவைகள்’, இன்னும் நாலைந்து. ‘டமாஸ்கஸ் சகோதரிகள்’ என்ற இந்த ஒபேராவைப் பதினெட்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். பதினான்காம் நாள் ஜுரம் வந்தது. விடுதி அறையில் போர்வைக்குள் கிடந்தபடி, பார்க்க வந்த பொர்த்தோலோவிடம் கவிஞர் எழுதிக்கொடுத்த நாலு வரியை நீட்டினான். வேலைக்காரி ஒருத்தி பாடுகிறாள்: எல்லோரும் போய்விட்டார்கள், விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். மார்த்தா கொலொம்பி என்ற பாடகிக்கு எழுத வேண்டும். “அவளுக்கா?” என்று கேட்டார் கிழவர். “சரி, எனக்குத் தெரியும்.” என்ன தெரியும் என்று அவன் கேட்கவில்லை, வாய் கசந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் தாள் வந்துவிட்டது. வேறொருவர் கையெழுத்து நகல் எடுப்பவன் கண்ணில் படக்கூடாது என்று, ஜுரத்தோடு எழுந்து உட்கார்ந்து முழுவதையும் தன் கையால் திரும்ப எழுதினான். எழுதும்போதுதான் அந்த இடம் வந்தது. மார்த்தாவின் குரல் மேலேயிருந்து நாலு படி இறங்குகிறது, கீழே செல்லோ நகராமல் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. கிழவர் மறந்துவிட்டார் என்று நினைத்தான். அவனுடைய குரு, பாதிரியார் லொதோவிகோ, பிரம்பால் விரல் முட்டியில் தட்டித்தட்டிச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்: கீழ்ச்சுரம் நடக்க வேண்டும், நிற்கிற கீழ்ச்சுரம் வழி தெரியாதவன் எழுதியது. பன்னிரண்டு வயதில் வாங்கிய அடி. குரல் இறங்க இறங்கச் செல்லோ எதிர்ப்பக்கமாக ஏறும்படி நாலு சுரங்களை அழகாக நடக்கவிட்டான். திருத்தியதில் ஒரு திருப்தியும் இருந்தது. இப்போது இது பாதி என்னுடையது என்று நினைத்தான். அப்படி நினைத்தானா, இல்லை இப்போது அப்படித் தோன்றுகிறதா?

கதாநாயகி அழுதுகொண்டே வந்தாள். பேச்சுப்பாட்டு. அவன் கட்டையை அமுக்கினான், பொர்த்தோலோ ஒரு சுரம் இழுத்தார். அமுக்கினான், இழுத்தார். இதோ இப்போது இடைவெளி இருக்கிறது, அவள் முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைக்கும் நேரம். அவன் லேசாகத் திரும்பினான்.

“என்ன மாயெஸ்த்ரோ?”

“மெழுகு சொட்டுது.”

பொர்த்தோலோ வில்லைத் தொடையில் சாய்த்து, விரலை எச்சில் பண்ணித் திரியை நிமிர்த்திவிட்டு, விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து பெரிய பாஸ் வயலின்காரன் தோனியோவின் வயிறு நாற்காலியை உரசும் சத்தம் கேட்டது. அவனும் இதே தாளைத்தான் எட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் அவனுக்குப் பார்வை போதாது, பொர்த்தோலோவின் வில்லைப் பார்த்தே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டான். திரை ஏறுவதற்கு முன் அவன் கேட்டது இன்னும் காதில் கிடந்தது. “இன்னிக்கு அந்த எடத்துல நடக்கணுமா, நிக்கணுமா? முன்னாடியே சொல்லிடுங்கப்பா, எனக்கு வயித்தைத் திருப்ப நேரமாகும்.” யாரோ சிரித்தார்கள். பொர்த்தோலோ ரோஸின் கட்டியை வில்லில் தேய்த்துக்கொண்டே, “நடக்கணும். எழுதியிருக்கறபடி” என்றார். அப்படியென்றால் தோனியோவுக்குத் தெரியும். அந்த இடம் ஒரு இடம் என்றாவது தெரியும். யார் எழுதியது என்று தெரியுமா? மார்த்தாவுக்கு? ஒத்திகையில் முதல் முறை பாடி முடித்ததும் அவள் மேடை விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள். பார்த்தது அவனையா, அவன் தோளுக்குப் பக்கத்திலா? நாற்பத்தாறு வயது, இருபது வருஷமாக ஐஸ் பாட்டுக்காரி. “எனக்கு விழற கைதட்டெல்லாம் கரண்டிச் சத்தம்தான் மாயெஸ்த்ரோ. நல்ல எலுமிச்சையா இருந்தா இன்னும் கொஞ்சம் பலமா விழும்” என்று முதல் நாளே சொன்னாள். அவள் குரலின் நடுவில் ஒரு ஓட்டை உண்டு, இரண்டு சுரம் காற்றாகத்தான் வரும். அது அவனுக்கு ஒத்திகையில் தெரிந்தது. ஆனால் பாட்டுக்கு அது முன்பே தெரிந்திருந்தது; தெருவில் குழியைச் சுற்றிப்போகிற ஆள் மாதிரி, பார்க்காமலே, பேச்சை நிறுத்தாமலே, பாட்டு அந்த இரண்டு சுரங்களைச் சுற்றிப் போயிற்று. சுற்றிப் போனபின், அவள் குரலில் மிச்சமிருந்த நல்ல நாலு சுரங்களில் படிப்படியாக இறங்கியது. அவனுடைய இருபத்திரண்டு ஒபேராவில் ஒருத்தியின் குரலையாவது அவன் அப்படிக் கேட்டிருக்கிறானா? குரல் எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டிருக்கிறான். குதிரைக்காரனிடம் கேட்பதுபோல.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. நான்கு இருக்கிறது. இல்லை, நடப்பதைச் சேர்த்தால் ஐந்து. முதல் இரவு கிண்ணங்கள் வந்தன, கரண்டிகள் ஆரம்பித்தன, மார்த்தா தகர விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அந்த இடம் வந்தது. அவன் எழுதிய நாலு சுரங்களுக்காக அவன் காது முன்கூட்டியே எழுந்து நின்றது. பொர்த்தோலோவின் வில் நகரவில்லை. கீழே ஒரே சுரம், தரையைப்போல. அதன்மேல் அந்தக் குரல் ஒவ்வொரு படியாக இறங்கியது, ஒவ்வொரு படியிலும் நின்றிருந்த சுரத்தோடு லேசாக உரசிக்கொண்டது. வலிக்கிற பல்லை நாக்கு தொடுவதுபோல ஒரு உரசல். மூன்றாவது படியில் கொட்டகையில் கரண்டிகள் நின்றன. எல்லாம் இல்லை, முதலில் இடதுபக்கம், அப்புறம் மேலே. அவன் திரும்பிப் பார்த்தான். கிழவர் தாளைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் தட்டினார்கள், “மாயெஸ்த்ரோ, மாயெஸ்த்ரோ” என்று கத்தினார்கள். எழுந்து வணங்குவதற்கு எவ்வளவு நேரம் யோசித்தான்? யோசிக்கவில்லை. அதுதான். முழங்கால் தானாகவே நிமிர்ந்தது. அறுபது இரவுப் பழக்கம். குனிந்து நிமிரும்போது வாத்தியக்காரர்கள் வழக்கப்படி வில்லால் தாள்பலகையைத் தட்டினார்கள், டக் டக் டக். அதில் பொர்த்தோலோவின் வில்லும் தட்டியது. எல்லோரையும்விட ஒரு தட்டு அதிகமாகவோ குறைவாகவோ தட்டியிருந்தால் அவன் இரண்டு நாளாக இப்படி அலைந்திருக்க மாட்டான். சரியாக எல்லோரையும்போலத் தட்டினார். இரண்டாம் இரவும் அப்படியே: நின்ற சுரம், நின்ற கரண்டிகள், வணக்கம், டக் டக் டக். விடுதிக்குப் போய் கிழவர் எழுதிய மூலத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தான். அதில் ஒன்றுமே இல்லை. எட்டு வயசுப் பையன் எழுதக்கூடியது. திருடுவதற்குக்கூட அதில் ஒன்றும் இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும். போலோஞ்ஞாவில் ஜூலியா, அவன் மனைவி, ஒரு தடவை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “உங்க பாட்டெல்லாம் வண்டி பிடிக்கப் போற மாதிரியே இருக்கு. ஒண்ணாவது உக்காந்து நான் பாத்ததில்ல.” அவன் சிரித்தான். அன்று மாலையே அவனுக்கு வண்டி இருந்தது. எந்த ஊருக்கு? ஃபெர்ராராவா? அங்கேதான் மரவட்டை விழுந்த சூப். பதினைந்து வருஷத்தில் அவன் ஒரே படுக்கையில் தொடர்ந்து நாற்பது நாள் தூங்கியதில்லை. பெருவிரல் இப்போது அரிக்கவில்லை, மரத்திருந்தது.

பேச்சுப்பாட்டு. அமுக்கினான், இழுத்தார். இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன அர்த்தம்? நின்ற சுரம்தான் சரி என்று அர்த்தம், தான் திருத்தியதுதான் தப்பு என்று அர்த்தம். அது போகட்டும். அதைவிட மோசம் மத்தியானம் நடந்தது. காப்பிக்கடையில் மிலானிலிருந்து வந்த கொட்டகைக் குத்தகைக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். மோதிர விரலால் சர்க்கரையைக் கலக்குகிற பெரிய மனிதர், இலையுதிர் காலத்துக்கு மிலானில் ஒரு புது ஒபேரா யாருக்குத் தருவது என்று இன்னும் முடிவு செய்யாதவர். மிலான் கிடைத்தால் பதினெட்டு நாளில் எழுத வேண்டாம், நாலு மாதம் ஒரே ஊரில் உட்கார்ந்து எழுதலாம். “நேத்து ஒரு பாட்டு கேட்டேன்” என்றார் அவர். “அந்த விளக்குப் பிடிக்கிறவ பாட்டு. ஒரு எடத்துல செல்லோ அப்படியே நின்னுடுதே, அது வேணும்னா, தப்பா?” அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாதிரியார் லொதோவிகோவின் பிரம்பு எங்கிருந்தோ வந்து முட்டியில் விழுந்தது. “தப்புதான். கெழவருக்குக் காது மந்தம். இன்னிக்குச் சரியாயிடும்” என்று சொன்னான். குத்தகைக்காரர் “ஓ” என்றார். அப்புறம் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் பரிசாரகன் பில்லோடு வந்து நின்றான், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. என்ன சொல்ல வந்தார்? அந்த ‘ஓ’ என்ன ஓ? நல்லது என்ற ஓவா, அட அப்படியா என்று இறங்குகிற ஓவா? அதை அவன் மத்தியானத்திலிருந்து பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான். அங்கிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்து, நாற்காலியில் தனியாக உட்கார்ந்து தந்திக்கு முறுக்கேற்றிக்கொண்டிருந்த பொர்த்தோலோவிடம், “சியோர் பொர்த்தோலோ, இன்னிக்கு அந்த எடத்துல தாள்ல இருக்கறபடி வாசிச்சிடுங்க” என்றான். ஏன் என்று கேட்பார் என்று நினைத்தான். அது என் பாட்டு என்று சொல்லட்டும் என்றுகூட நினைத்தான், சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம். கிழவர் தந்தியை ஒருமுறை தட்டிக் கேட்டார். “சரி மாயெஸ்த்ரோ” என்றார். தயங்கவே இல்லை. காது மந்தமானவர் கேட்க முடியாத கால் சுரத்தைக் கேட்டு முறுக்கை ஒரு நூல் தளர்த்தினார். அந்தச் ‘சரி’யில் ஒரு முள்கூட இல்லை, அவனும் விரலால் தடவித்தடவிப் பார்த்துவிட்டான். குத்தியிருந்தால் பிடுங்கலாம்.

மேலே இரண்டாம் வரிசையில் மூன்றாவது பெட்டி, மிலான்காரர் உட்காரும் தடுப்பறை. தலையைத் தூக்கினால் மெழுகுவத்தி கண்ணைக் கூசச்செய்யும், ஆனாலும் மோதிரம் ஒன்று மினுங்குவது தெரிந்தது. சகோதரிகள் இருவரும் சேர்ந்து பாடும் பாட்டு முடிந்தது. சுமாரான கைதட்டல், ஒரே ஒரு சாவி. அவன் எழுந்து வணங்கி உட்கார்ந்தான். உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தான், ஆனால் பொர்த்தோலோ பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டினார். சட்டைக் கை நுனியில் மசிக்கறை. இசை எழுதுகிறவர் சட்டையில்தான் அந்த இடத்தில் மசி இருக்கும், ஈரத்தாளில் மணிக்கட்டு படிகிற இடம். பழைய கறையா, புதுசா? முப்பது வருஷமாக இவர் வீட்டில் என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்? யாராவது கேட்டிருக்கிறார்களா? அவன் கேட்டானா? இன்னும் ஒரு பாட்டு. கோரஸ்காரர்கள் மரவாளோடு வந்தார்கள், போனார்கள். பக்கத்துக் கதவுகள் திறந்து குளிர்காற்றும் எலுமிச்சை வாசனையும் உள்ளே வந்தன. கிண்ணங்கள். மார்த்தா தகர விளக்கோடு மேடைக்கு வந்து நின்றாள். இன்று வழக்கத்தைவிடக் கிண்ணம் குறைவு, ஜனங்கள் இந்தப் பாட்டுக்காகவே வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அது தெரிந்ததும் அவன் கிழவர் பக்கம் திரும்பினான். “சியோர் பொர்த்தோலோ” என்றான். முதல் வயலின்காரனின் வில் மேலே போயிற்று, கிழவர் செல்லோவின் மேல் குனிந்துவிட்டார். அவன் குரல் வயலின்களுக்குள் விழுந்து காணாமல் போனது.

முதல் சரணம். குழியைச் சுற்றிக்கொண்டு குரல் வந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அந்த இடம். செல்லோ நடந்தது. தாளில் இருக்கிறபடி, பிசகில்லாமல், நாலு சுரமும் சுத்தமாக, மார்த்தா இறங்க இறங்க எதிரே ஏறிப் போயிற்று. பாதிரியார் லொதோவிகோ கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். உரசல் இல்லை, வலி இல்லை, எல்லாம் ஒன்றுக்கொன்று மரியாதையாக விலகி வழிவிட்டுக்கொண்டன. மேலே எங்கோ ஒரு கரண்டி கிண்ணத்தில் பட்டது. இன்னொன்று. யாரோ இருமினார்கள், ஒரு பெண் ஏதோ கேட்டாள், அதற்கு யாரோ பதில் சொன்னார்கள். மார்த்தாவின் விளக்கு லேசாக ஆடியது. காலுக்குக் கீழே படி இருக்கும் என்று நம்பி அடி வைத்தவள்போல அவள் குரல் நாலாவது சுரத்தில் தடுக்கி, காற்றாகிப் போனது. அவள் கீழே பார்த்தாள். இப்போது அவனுக்குச் சந்தேகமில்லை, அவள் பார்த்தது அவன் தோளுக்குப் பக்கத்தில். பொர்த்தோலோ தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் கண் திறந்திருந்தது. திறந்த கண்ணோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சரணம் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்துக்கு இன்னும் எட்டு தாள அடி, ஏழு. காதில் சொல்ல முடியாது, வாசிக்கிறவர் காதில் எப்படிச் சொல்வது? தாளில் அடித்துத் திருத்த முடியாது, பென்சில் மேல்கோட்டுப் பையில், மேல்கோட்டு வெளியே மாட்டியிருக்கிறது. ஐந்து. மிலான்காரர் ‘ஓ’ என்றார். நாலு மாதம் ஒரே ஊரில். மூன்று. இந்தப் பாட்டில் செம்பலோவுக்கு வேலையே இல்லை, தொட்டால் தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். விளக்கைப் பிடித்துக்கொண்டு நான். மார்த்தா மூச்சை இழுத்தாள். அவன் இடதுகைச் சுண்டுவிரல் கீழே போய் அந்த நிற்கும் சுரத்தின் கட்டையை அமுக்கியது. டங். செம்பலோவில் சத்தம் நிற்காது, அடித்ததும் செத்துவிடும். மறுபடி அமுக்கினான். டங். செல்லோ முதல் சுரத்திலிருந்து இரண்டாவதுக்குக் கிளம்பியிருந்தது, வில் ஒரு கணம் தந்திமேல் அப்படியே தொங்கியது. அவன் பார்க்கவில்லை. பார்த்தால் விரல் நின்றுவிடும். மூன்றாவது தடவை, ஆணியை அடிக்கிறவன்போல. நாலாவது அடிக்கு முன்பே அவன் பக்கத்தில் செல்லோவின் மரம் அதிர்ந்தது. பொர்த்தோலோ நின்ற சுரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் தோனியோ, “அம்மாடி” என்று முனகிக்கொண்டே, பெரிய வயிற்றோடு திரும்பி வந்தான். கீழே தரை வந்துவிட்டது. மார்த்தா அதன்மேல் ஒவ்வொரு படியாக இறங்கினாள், அவசரப்படாமல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று. அந்த உரசல் இந்தத் தடவை அவன் பல்லில் பட்டது. கரண்டிகள் எப்போது நின்றன என்று அவன் கவனிக்கவில்லை. நாலாவது படியில் அவள் குரல் காற்றாகவில்லை.

கைதட்டல் வந்தபோது அவன் முழங்கால் வழக்கம்போல நிமிர்ந்தது. “மாயெஸ்த்ரோ! மாயெஸ்த்ரோ!” எழுந்துவிட்டான். எழுந்தவன் பெட்டிகளைப் பார்த்துக் குனியாமல் இடதுபக்கமாகத் திரும்பினான். அப்படித் திரும்பினால் கொட்டகை முழுவதும் முதுகுக்குப் பின்னால் போய்விடும் என்பது திரும்பிய பிறகுதான் தெரிந்தது. எதிரே செல்லோவை அணைத்துக்கொண்டு கிழவர். வில் கிடையாது அவன் கையில். விரலை மடக்கி, முட்டியால் செம்பலோவின் மூடியைத் தட்டினான். டக் டக் டக். இன்னொன்றும் தட்டினான். கைதட்டல் நடுவில் அறுந்தது. ஒரு சாவி ஊதியது, அப்புறம் இன்னும் சில. முதுகைக் காட்டுகிறான் பார் என்று யாரோ மேலேயிருந்து கத்தினார்கள். எங்கேயோ ஒரு பெட்டியில் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது. இரண்டாம் வரிசையா, மூன்றாம் வரிசையா என்று அவன் காது கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டது.

“திரும்புங்க மாயெஸ்த்ரோ” என்றார் பொர்த்தோலோ தணிந்த குரலில். “ஜனங்களுக்கு முதுகு காட்டக் கூடாது.”

“உங்க பாட்டுக்குத்தான் தட்டறாங்க.”

“இப்ப ஊதறாங்க.”

“அதுவும் உங்களுக்குத்தான்” என்று பின்னாலிருந்து தோனியோ சொன்னான். “எழுந்து வாங்கிக்குங்க.”

“எனக்கு முழங்கால் சரியில்ல” என்றார் கிழவர். சொல்லிவிட்டு ரோஸினைத் தேடுவதுபோல நாற்காலிக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. ரோஸின் கட்டி அவர் இடதுகையிலேயே இருந்தது. மேடையில் மார்த்தா போகாமல், விளக்கைக் கீழே இறக்காமல் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்து நின்றாள். முதல் வயலின்காரன் எரிச்சலோடு வில்லைத் தூக்கினான். அடுத்த பாட்டுக்கான பக்கத்தைத் திருப்பக் கை எதுவும் வரவில்லை. ரெஸ்தெல்லி உட்கார்ந்து, தானே திருப்பினான்.